கேட்ட பிறகும் போட்ட ஊசி: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மருந்து, நடந்த வரிசை, பேசிய பேச்சு ஆகியவை நடந்தபடியே இருக்கின்றன.

நோயாளியும் மருந்தும்

வயது 67, ஆண். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, பாதி இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. எடை 63 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துவந்தார், சர்க்கரை நோய் இல்லை. சிறுநீரகம் நிமிடத்துக்கு 58 மில்லி வடிகட்டியது. நினைவு தெளிவு, பேச்சு தெளிவு. எதையும் தானே முடிவுசெய்யக்கூடிய நிலையில் இருந்தார்.

அவர் ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். தொழுகைக்கு முன் தண்ணீரால் கை, கால், முகம் கழுவும் ஒளுவை எழுந்து செய்ய முடியாததால், தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் செய்துகொண்டு படுத்தபடியே தொழுவார். வந்த முதல் நாளே கிப்லா, அதாவது தொழும்போது பார்க்க வேண்டிய மக்கா திசை, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். நாங்களும் அவருக்கு வசதியாகக் கட்டிலைச் சற்றுத் திருப்பிப் போட்டோம். அதைச் செய்யத் தெரிந்த எங்களுக்கு, அவர் உடம்புக்குள் போகும் மருந்தைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. இந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கட்டில்தான்.

இடுப்பு முறிவு அறுவைக்குப் பிறகு காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைவது மிகச் சாதாரணம். தடுப்பு மருந்து கொடுக்காமல் சிரைகளைப் படமெடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு உறைகட்டி இருந்தது. பெரும்பாலானவை அறிகுறி காட்டாமல் கரைந்துவிடும். ஒன்று பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் எல்லோருக்கும் போடுவதுபோல் இவருக்கும் இனாக்ஸபாரின் 40 மில்லிகிராம், தினமும் இரவு 9 மணிக்கு, தோலுக்கடியில் போடும்படி எழுதியிருந்தார்கள். மருந்து நிரப்பியே வரும் சின்ன சிரிஞ்ச், 0.4 மில்லிதான்.

இனாக்ஸபாரின் ஹெப்பாரினிலிருந்து செய்யப்படுவது. ஹெப்பாரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. இதில் ரகசியம் எதுவும் இல்லை, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் பெட்டி மருந்தகத்திலேயே நின்றுவிடும். வார்டுக்கு வருவது சிரிஞ்ச் மட்டும். பல வருடமாக இந்த ஊசியைப் போடும் நர்ஸ்களில் அந்தத் தாளைப் பிரித்துப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நான்காம் இரவு

முதல் இரண்டு ஊசியும் வேறு டியூட்டியில் போனவை. மூன்றாவதை நான் போட்டேன். அதுவரை எனக்கும் தாளில் இருந்தது தெரியாது. நான்காம் நாள் மாலை டியூட்டி மாறும்போது, முந்தைய ஷிஃப்ட் சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த இடுப்பு முறிவு கேஸ், மருந்து எதுலேர்ந்து வருதுன்னு பேச்சு எடுக்க வேண்டாமாம். பையன் கேட்டுக்கிட்டாரு. டாக்டரும் சரின்னுட்டாரு." விஷயம் என்னவென்றும் சொன்னார். மகன் இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். டியூட்டி டாக்டரிடம் போய், "அத்தாவுக்குத் தெரிஞ்சா ஊசியே வேண்டாம்னுடுவாங்க, சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறார். கேஸ் ஷீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாய் வழியாகவே ஷிஃப்ட் ஷிஃப்டாகக் கைமாறியது.

இரவு 9 மணிக்கு டிரேயோடு போனேன். சட்டையை மேலே தூக்கினார். முந்தைய இரவுகளின் நீலத் தடங்கள் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் இருந்தன. இந்த முறை இடப்பக்கம். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இடம் பார்த்துத் துடைத்தேன். மூடியைக் கழற்றும்போது கேட்டார்.

"சிஸ்டர், இந்த ஊசி எதுலேர்ந்து செய்றாங்க? பார்க்க வந்தவர் ஒருத்தர் கேட்டுக்கச் சொன்னார்."

எனக்குப் பதில் தெரியும். மகன் கட்டில் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்து ஐயா. மத்ததெல்லாம் காலையில டாக்டர் விளக்கமாச் சொல்வாங்க."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். நான் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன், ஊசியை நேராக இறக்கினேன், மருந்து முழுதும் போகும்வரை மடிப்பை விடாமல் பிடித்திருந்தேன், தேய்க்கக் கூடாது என்று வழக்கம்போல் சொன்னேன். செய்முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டெஸ்குக்கு வந்து குறிப்பில் எழுதினேன்: "மருந்து செலுத்தப்பட்டது. நோயாளிக்கு விளக்கம் அளிக்கப்பட்டது."

கை பழகிப்போன வரி அது. ஒரு நாளைக்கு இருபது முறை எழுதுவோம்.

இரவு இரண்டு மணி

வார்டு அடங்கிய பிறகு எனக்குள் அடங்கவில்லை. அவர் பொய்யைக் கண்டுபிடித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். "சரிம்மா" என்று நம்பிச் சட்டையைத் தூக்கியதுதான் உறுத்தியது. முதல் மூன்று ஊசியில் யாரும் அவரை ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. நாங்கள் கேட்காமல் விட்டோம், அவரும் கேட்கவில்லை. நான்காவது அப்படியில்லை. அவர் வாய்திறந்து கேட்ட பிறகு, பதில் தெரிந்தே போட்டது. ஒப்புதல் இல்லாமல் ஒருவர் உடம்பில் ஊசி ஏற்றுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தேன். அதிக தூரம் இல்லை.

மருந்தகத்தில் இரவு டியூட்டியில் இருந்த மருந்தாளுநருக்குப் போன் செய்தேன். விலங்கிலிருந்து எடுக்காத மாற்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: ஃபோண்டாபாரினக்ஸ், முழுக்க ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்வது, 2.5 மில்லிகிராம், தினம் ஒரு ஊசி, கையிருப்பில் இருக்கிறது. எடை 50 கிலோவுக்கு மேல், சிறுநீரகமும் தாங்கும், இவருக்குப் போடலாம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, இடுப்பு முறிவுக்கு இது இரண்டாந்தர மாற்றுகூட இல்லை. 2001-ல் வெளியான ஆய்வில் 1,711 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 11 நாளுக்குள் உறைகட்டி வந்தது இனாக்ஸபாரினில் 19.1 சதவீதம், ஃபோண்டாபாரினக்ஸில் 8.3 சதவீதம். இதற்கும் குறைகள் உண்டு. பாதி மருந்து உடம்பை விட்டுப் போகவே 17 முதல் 21 மணி நேரம் ஆகும். ரத்தக்கசிவு வந்தால் ஹெப்பாரினுக்கு புரோட்டமின் இருப்பதுபோல் முறிமருந்து இதற்குக் கிடையாது. அதெல்லாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய விஷயங்கள். நான்கு நாளாக யாருமே எடைபோடவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. அவர் மறுத்துவிடுவார் என்ற பயத்தில் அவரிடம் பேசாமல் இருந்தோம். அவரிடம் பேசவில்லை என்பதால், மாற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தேவையும் எங்களுக்கு வரவில்லை.

சொன்னது

காலை ரவுண்ட்ஸுக்கு முன் வார்டு இன்சார்ஜிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்றார். பெரிய டாக்டருக்கு முதலில் பிடிக்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் கிளற வேண்டும் என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: "சார், அவர் என்கிட்ட கேட்டுட்டார். இன்னிக்கு ராத்திரியும் கேட்பார். அஞ்சாவது ஊசியை என்னால போட முடியாது." கொஞ்ச நேரம் கேஸ் ஷீட்டைப் புரட்டியவர், மாற்று மருந்தைப் பற்றிக் கேட்டதும் சரி என்றார்.

அடுத்து மகனிடம் பேசினோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. அப்பாவை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. நாங்கள் ஒரு விஷயம் மட்டும் கேட்டோம்: உங்கள் அப்பாவுக்கு இது வேறு யார் வாயிலிருந்தாவது தெரியவந்தால், அடுத்து நாம் கொடுக்கும் எந்த மருந்தையாவது நம்பி விழுங்குவாரா? அவர் பதில் சொல்லாமல் எங்களோடு வந்தார்.

டாக்டர் பக்கத்தில் நின்றார், சொன்னது நான். என்னிடம்தானே கேட்டார். பன்றியிலிருந்து எடுப்பது என்பதை நேராகச் சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை. ஏன் போட்டோம், போடாவிட்டால் என்ன ஆகக்கூடும், இப்போது வேறு என்ன வழி இருக்கிறது என்பதை டாக்டர் சொன்னார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு நீண்டதாகத்தான் இருந்தது.

"எத்தனை ஊசி?"

"நாலு, ஐயா."

"நேத்து ராத்திரி போட்டது, நான் கேட்டதுக்கப்புறம்தானே?"

"ஆமா ஐயா. அப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. மன்னிச்சுடுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தா நேத்து வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா காலையில எங்க இமாமைக் கேட்டிருப்பேன்" என்றார். அப்புறம் போனை எடுத்து இமாமிடம் பேசினார். உயிருக்கு ஆபத்து என்ற நிர்ப்பந்தத்தில், வேறு வழியே இல்லாதபோது மார்க்கம் இடம் கொடுக்கிறது, வேறு வழி இருக்கும்போது அதைத்தான் எடுக்க வேண்டும் என்று இமாம் சொன்னதாகச் சொன்னார். அன்று இரவு, கடைசி ஊசியிலிருந்து 24 மணி நேரம் ஆனதும், ஃபோண்டாபாரினக்ஸ் தொடங்கியது. அதற்கு இடைப்பட்ட பகலில், காலை விட்டுவிட்டு அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் காற்றழுத்த உறையை மாட்டினோம், கணுக்கால் பயிற்சி கொடுத்தோம், பிசியோதெரபிஸ்ட் இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தார்.

மௌனம் ஏன் சரியாகத் தோன்றியது

எங்கள் வார்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மௌனத்துக்கு ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காவிட்டால் இந்த ஆய்வுக்கு அர்த்தம் இல்லை.

அதிகம் கேட்டது இது: "அவங்க மதத்துலேயே நோயாளிக்கு விலக்கு இருக்கே, அப்புறம் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?" குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 173-ஆம் வசனம் பன்றியிறைச்சியைத் தடுக்கும் அதே இடத்தில், நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மேல் குற்றமில்லை என்றும் சொல்கிறது என்பது உண்மை. 1995-ல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் நிறுவனம் கூட்டிய கருத்தரங்கில், முற்றிலும் வேறு பொருளாக உருமாறிவிட்டது தடையில் வராது என்று அறிஞர்கள் கருத்துச் சொன்னதும் உண்மை. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல நான் யார்? அவருடைய வேதத்தை எடுத்து அவருக்கே விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. நானும் அன்று காலை அந்த வசனத்தைச் சொல்லி அவரைத் தேற்றலாமா என்று நினைத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இந்த வாதத்தில் இருக்கிறது. நிர்ப்பந்தம் என்ற விலக்கு, வேறு வழி இல்லாதபோது வருவது. வேறு வழி மருந்தகத்தில் இருந்தது. அதை அவர் கேட்க முடியாமல் செய்தது நாங்கள். விலக்கு பொருந்துகிறது என்று சொல்லிக்கொண்டே, அது பொருந்தாத நிலையில் அவரை வைத்திருந்தோம்.

"குடும்பம் கேட்டுக்கொண்டது" என்பது இன்னொன்று. குடும்பத்தை மதிக்க வேண்டும், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும் ஒருவரின் உடம்பைப் பற்றி அவருக்குப் பதிலாக முடிவெடுக்கும் உரிமை அதனால் வந்துவிடாது.

"தெரிந்தால் மறுப்பார், மறுத்தால் ஆபத்து" என்பதுதான் டாக்டரின் நியாயம், என்னுடையதும்கூட. 2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் கொடுத்த தீர்ப்பு இந்த இடத்தைத் தொடுகிறது. சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணியிடம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் அபாயத்தை டாக்டர் சொல்லாமல் விட்டார். சொன்னால் அறுவைப் பிரசவம் கேட்பார் என்று நினைத்தார். குழந்தை பாதிப்போடு பிறந்தது. ஒரு தகவல் முக்கியமா இல்லையா என்பதை, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு அது முக்கியமாகப் படுமா என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். சொன்னாலே நோயாளிக்குப் பெரிய கேடு வரும் என்ற நிலையில் மறைக்க மிகக் குறுகிய இடம் உண்டு. மருத்துவருக்குப் பிடிக்காத முடிவை எடுத்துவிடுவார் என்பதற்காக அந்த இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. எங்கள் மௌனம் அப்படியே அதில் வந்து உட்காருகிறது.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்ற மறுப்பதைப் பற்றி நர்சிங் படித்த எல்லோருக்கும் தெரியும். கனடாவில் 1979-ல் விபத்தில் சிக்கி நினைவில்லாமல் வந்த அந்தப் பிரிவுப் பெண் ஒருவரின் பையில், ரத்தம் ஏற்றக் கூடாது என்று எழுதிய அட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகும் டாக்டர் ரத்தம் ஏற்றினார், அந்தப் பெண் பிழைத்தார். ஆனாலும் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம், 1990-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அந்த வழக்கை வகுப்பில் படிக்கும்போது அது ஏதோ பெரிய, அபூர்வமான மோதல் என்று நினைத்தேன். அங்கே அட்டை இருந்தது, டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று வெளிப்படையாக மீறினார். எங்கள் வார்டில் அட்டை இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. சத்தம் இல்லாமல் தாண்டிப் போய்விட்டோம்.

தெரிந்தும் சரியானதைச் செய்யவிடாமல் சூழல் தடுக்கும்போது நர்ஸ் படும் வேதனைக்கு 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் தனியாக ஒரு பெயரே வைத்தார், அறவேதனை என்று சொல்லலாம். அன்று இரவு நான் பட்டது அதுதானா என்று யோசித்தால், முழுக்க இல்லை. என்னை யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. ஊசியை அரை மணி நேரம் தள்ளிப்போட்டு டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம், மருத்துவ ரீதியாக ஒன்றும் ஆகியிருக்காது. மகன் பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் சரி என்றிருந்தார், எனக்குச் சங்கடமாக இருந்தது. அதற்கு மேல் தடை எதுவும் இல்லை.

மாற்றே இல்லாவிட்டால்

எங்களுக்குக் கைவசம் வேறு மருந்து இருந்தது. எல்லா நேரமும் அப்படி அமையாது. கணையம் வேலை செய்யாதவர்களுக்குக் கொடுக்கும் நொதி மருந்துகள் பன்றிக் கணையத்திலிருந்தே வருகின்றன. குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்குக் கொடுக்கும் மருந்தில் பன்றியிலிருந்து வருவதும் மாட்டிலிருந்து வருவதும் உண்டு, ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். இதய வால்வும் ஜெலட்டின் உறை போட்ட மாத்திரையும்கூட இந்தக் கணக்கில் வரும். இன்சுலினே 1982-ல் மனித இன்சுலின் வரும்வரை பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும்தான் வந்தது. எங்கள் நோயாளிக்கே சிறுநீரகம் கெட்டிருந்தால் ஃபோண்டாபாரினக்ஸ் போட்டிருக்க முடியாது.

அப்படி ஒரு நிலையில் அவர் ஹெப்பாரின் வேண்டாம் என்றே சொல்லியிருந்தால்? என் முடிவு மாறாது, சொல்லத்தான் வேண்டும். காற்றழுத்த உறை, சீக்கிரம் நடக்க வைப்பது, காலில் வீக்கம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று விடாமல் பார்ப்பது என்று எங்களால் முடிந்ததைச் செய்திருப்போம், அது மருந்துக்கு ஈடாகாது என்பதையும் அவரிடம் சொல்லியிருப்போம். அவர் இறந்துபோயிருக்கவும் கூடும். அந்தச் சாத்தியத்தை மறைத்துவிட்டு இந்த முடிவை எழுத எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள் விஷயம் வேறு. தன் உயிரைப் பற்றித் தானே முடிவெடுக்கத் தெரியாத குழந்தையின் உயிரை, பெற்றோரின் நம்பிக்கைக்காகப் பணயம் வைக்க முடியாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு வாரம், பெயரைப் பார்த்தே "இவருக்கு இந்த ஊசி வேண்டாம்" என்று ஆரம்பித்தார்கள். அதுவும் நோயாளிக்காக நாமே முடிவெடுப்பதுதான். ஒரே மதத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நிலைப்பாடு இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த மதமும் இல்லாமல், விலங்குப் பொருளே வேண்டாம் என்பவரும் இருக்கிறார். இப்போது சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமைக் கேள்விக்கு அடுத்து ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம், எல்லோரிடமும் கேட்பதற்கு: "உங்கள் நம்பிக்கையோ கொள்கையோ காரணமாகத் தவிர்க்க விரும்பும் மருந்து அல்லது மருந்துப் பொருள் ஏதாவது உண்டா?" மருந்தாளுநர் எங்களுக்காக, விலங்கிலிருந்து வரும் மருந்துகளையும் அவற்றின் மாற்றுகளையும் ஒரு பக்கத்தில் எழுதி மருந்து அலமாரியில் ஒட்டியிருக்கிறார்.

கேஸ் ஷீட்டில்

அவர் பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். ஊசி மொத்தம் ஐந்து வாரம் தொடர வேண்டியிருந்ததால் மகனுக்குப் போடக் கற்றுக்கொடுத்தோம். இருந்த நாள்வரை ஒவ்வொரு இரவும் ஊசிக்கு முன் பெயரைக் கேட்டார், நான் உறையை அவர் பக்கம் திருப்பிப் படித்துக் காட்டினேன். முன்புபோல் கேட்காமலே சட்டையைத் தூக்கவில்லை. படித்து முடித்த பிறகுதான் தூக்குவார்.

நான் எழுதிய அந்த வரி இருக்கிறதல்லவா, "நோயாளிக்கு விளக்கம் அளிக்கப்பட்டது" என்று? பதிவில் எழுதியதை அடிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. தவறு என்றால், தேதியும் நேரமும் போட்டுத் தாமதக் குறிப்பாகக் கீழே எழுத வேண்டும். ஐந்தாம் நாள் காலை அவரிடம் பேசிவிட்டு வந்து எழுதினேன்: "முந்தைய இரவு 9 மணிப் பதிவுக்குத் திருத்தம். நோயாளி மருந்தின் மூலத்தைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. விளக்கம் அளிக்கப்படவில்லை. மருந்து செலுத்தப்பட்டது." கீழே கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் எழுதி, இன்சார்ஜிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, தன் கையெழுத்தையும் பக்கத்தில் போட்டார்.